முன் சீட் கதவு

மாதா துணை

மந்தாரக்குப்பம்,
2-10-2010

அன்பு மகள் வினோலியாவுக்கு அப்பா சவரிராஜ் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று ஒரு நர்ஸைப் பார்த்துக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். போனில் என்றால் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு எனக்குப் பேச்சு தீர்ந்துபோகிறது. பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் என்பதால் எழுத்தில்தான் எனக்குப் பயிற்சி அதிகம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ அனுப்பிய தைலத்தைக் காலுக்குக் கொஞ்சமும், என் இருமலுக்கு நெஞ்சில் நிறையவும் தடவுகிறாள். இருமல் வேறொன்றுமில்லை, நம் ஊர்த் தூசிதான். பயப்படாதே.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். நம் வேன் மறுபடி டூர் போனது. புதன்கிழமை டவுன்ஷிப் ஆட்களை ஏற்றிக்கொண்டு பிச்சாவரம் போய்வந்தேன். ஒரு வருஷமாக ஸ்கூல் பிள்ளைகளையும் கல்யாண வீட்டு அண்டாக்களையும் சுமந்த வண்டி, டூர் என்றதும் முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதற்கும் போரடித்திருக்கும் போலிருக்கிறது.

போன வருஷம் ஆகஸ்டில் பூனாவில் பன்றிக் காய்ச்சல் பரவி, இங்கேயும் பயம் பெரிதாக இருந்தபோது நீ அங்கிருந்து லீவில் வந்தாய். உனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆனால் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நம் வண்டியில் சீட் சொன்னவர்கள் ஒவ்வொருவராக வந்து ‘ஷிஃப்ட் மாறிடுச்சு’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரிட்டையர் ஆகிப் பேரன் எடுத்த சங்கரலிங்கம் சார்கூட ஷிஃப்ட் மாறிடுச்சு என்றார். நான் சரிங்க சார் என்றேன். அப்புறம் நீயும் ‘லீவைக் கேன்சல் பண்ணிட்டாங்கப்பா’ என்று சொல்லி, கொடியேறுவதற்கு முன்பே ரயிலேறிவிட்டாய். சங்கரலிங்கம் சாரின் ஷிஃப்டையே நம்பியவன், உன் லீவை நம்பாமல் இருப்பேனா? இந்த வருஷக் கொடியேற்றத்துக்கும் நீ வரவில்லை. அதையும் நம்பினேன்.

மறுபடி ஆள் சேர்த்த கதையைக் கேள். வண்டியை டெட்டால் போட்டுக் கழுவி, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து மார்க்கெட் பக்கம் நிறுத்தினேன். வாசனை போய் ஆளைக் கூட்டிவரும் என்று எண்ணம். பிரசவ வார்டு மாதிரி இருக்குது என்றாள் அம்மா. யாரும் வரவில்லை. கடைசியில் சுரங்கத்தில் வேலை பார்க்கிற நம் சிங்காரவேலு சார்தான், புதன்கிழமை வாரலீவு வருகிற தன் ஷிஃப்ட்காரர்களைக் குடும்பத்தோடு சேர்த்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்கும் காலாண்டு லீவு.

வண்டி நிறைந்ததும் எனக்குப் புதுப் பயம் பிடித்தது. நான் ஒரு தடவை இருமினால் போதும், அத்தனை பேரும் வடலூரிலேயே இறங்கிவிடுவார்கள். அம்மா சித்தரத்தைத் துண்டைக் கன்னத்தில் அடக்கி அனுப்பினாள். சிங்காரவேலு சார் வீட்டுக்கார அம்மா சந்திரகலா, ‘என்ன அண்ணே, பல் வலியா?’ என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் ஆபத்து.

சேத்தியாத்தோப்பு தாண்டி ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு லாரி முன்னால் போனது, செம்மண் புழுதி அப்படியே உள்ளே வந்தது. அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தேன். அப்புறம் இருமினேன் பார், ஹாரனே தேவையில்லை, லாரி ஒதுங்கி வழிவிட்டது.

வண்டிக்குள் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. போச்சு என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் சிங்காரவேலு சாருக்கு முகம் சிவந்திருக்கிறது. அடுத்த நொடி அவரும் இருமினார். அவரைத் தொடர்ந்து பின்சீட்டு. அப்புறம் வண்டி மொத்தமும். ஆளாளுக்கு மிட்டாயும் கிராம்புமாக வாயில் அடக்கிக்கொண்டு, அடுத்தவர் பயப்படக் கூடாதென்று கிளம்பியதிலிருந்து அடக்கிவைத்த இருமல். ‘இதுக்குத்தான் காலையிலேருந்து யாரும் பேசலையா?’ என்று சந்திரகலா அம்மா சிரித்த சிரிப்பில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு சிதம்பரம் வரை ஒரே பாட்டு.

பிச்சாவரத்தில் படகுக்காரர்கள் எங்களைச் சொந்தக்காரர்கள் மாதிரி வரவேற்றார்கள். மீன் குழம்புக் கடை நாகம்மாளை நினைவிருக்கிறதா? நான் சொல்லியனுப்பியதை நம்பி, மூடிக்கிடந்த கடையைத் திறந்திருந்தது. ‘இன்னாய்யா டிரைவரு, நீ வருவ வருவன்னு பாத்துக்கினே இருந்து என் குழம்பே வத்திப் போச்சு’ என்று திட்டிவிட்டு எனக்கு மட்டும் இரண்டு துண்டு கூடுதலாக வைத்தது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து அங்கேயும் படகெல்லாம் கட்டித்தான் கிடந்ததாம். இதை நன்றாகப் படி, வினோலியா. அந்தப் படகுகள் நிற்பதற்குப் பூனாவிலிருந்து யாரும் அங்கே போகவில்லை.

இன்னொன்று. உன் முன் சீட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. சின்ன வயதில் அதில் முட்டிபோட்டுத் திரும்பி உட்கார்ந்து, ‘எல்லாரும் கைய உள்ள வைங்க’ என்று நீ அதிகாரம் பண்ணுவாயே, அதே சீட்தான். கேட்டவர்களிடம் அந்தப் பக்கத்துக் கதவு ரிப்பேர், திறக்காது என்று சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிறகு புத்தி கெட்டுப்போய் அந்தக் கதவைத் திறந்து சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சந்திரகலா அம்மா பார்த்துவிட்டார். சீட்டையும் என் கைத் துணியையும் மாறிமாறிப் பார்த்தார். போன வருஷம் முதலில் ஷிஃப்ட் மாறியது அவர்கள் வீட்டில்தான். பிறகு, ‘வினோலியா எப்ப வர்றா அண்ணே? அவ இல்லாம டூரு டூரு மாதிரியே இல்ல’ என்றார். திரும்பும்போது யாரோ முன்னால் உட்காரப் போனதற்கு, நான் வாயைத் திறக்கும் முன்பே ‘அந்தக் கதவு ரிப்பேர்’ என்று அவரே சொன்னார்.

கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணிக்குப் போகிறோம். வண்டி நிறைந்துவிட்டது. சங்கரலிங்கம் சாருக்கும் அன்றைக்கு ஷிஃப்ட் இல்லையாம். அம்மா உனக்குச் சேலை எடுத்துவைத்திருக்கிறாள், நிறம் மட்டும் சொல்லக் கூடாதாம்.

மாதா உன் கைகளையும், அந்தக் கைகள் தொட்டுப் பார்க்கிற நோயாளிகளையும் காப்பாற்றட்டும். உனக்கும் அங்கே ஷிஃப்ட் உண்டு, தெரியும். ஆனால் மாறிவிட்டது என்று மட்டும் எழுதாதே அம்மா. இந்தத் தடவை நம்ப மாட்டேன்.

உன் வரவுக்குக் கதவைத் துடைத்து வைத்திருக்கும்
அப்பா