படகுக்காரியின் கையில் வாள்

ஜனவரி 14

ரசிகர்கள் வருடாவருடம் நடத்தும் வாக்கெடுப்பு வந்துவிட்டது. 'படமாக வேண்டிய மாயக்கதைகள், விஞ்ஞானக் கதைகள்.' எப்போதும் முதலிடத்தில் இருக்கும் என் மனைவி ஹால்ஷ்காவின் நாவலை இந்த முறை காணோம். கடல் தாண்டி ஆங்கிலத்தில் எடுத்து முடித்துவிட்டார்கள் அல்லவா, அதனால் நீக்கிவிட்டார்கள்.

"செத்தவங்க பேர வாக்காளர் பட்டியல்லேர்ந்து எடுக்கற மாதிரி எடுத்துட்டாங்க" என்றாள், ரொட்டியில் தயிர்க்கட்டியைத் தடவிக்கொண்டே.

பிறகு வழக்கமான சண்டை. நிலாவுக்கு ரயில் விடுகிற நாவலைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்றேன். அதில் ரயிலைத் தவிர யாருக்கும் உயிர் இல்லை என்றாள். மழையில் கடிகாரங்கள் முளைக்கும் ஊரைப் பற்றிய கதைதான் அவள் ஓட்டு. அதை எடுக்க இந்தப் பூமியில் ஆள் இல்லை என்றேன். "அதனாலதான் அது இன்னும் நல்லா இருக்கு" என்றாள். சிரித்தாள், ஆனால் ரொட்டியைத் தின்னவில்லை.

ஜனவரி 20

அந்தப் படத்தின் முன்னோட்டம் வந்தது. சேர்ந்துதான் பார்த்தோம்.

அவள் கதையில் மேலே தூங்குகிறவர்கள் எல்லோரும் ஏரிக்கு அடியில் இருக்கும் ஊரில் போய் வாழ்கிறார்கள். விடிவதற்குள் அவர்களைப் படகில் ஏற்றி மேலே கொண்டுவந்து விடுபவள் ஒருத்தி. ஒரு நாள் அவளே தூங்கிப்போகிறாள். பயணிகள் சத்தம் போடாமல் துடுப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. இதற்காக இந்த நாட்டில் ஒரு தலைமுறையே அழுதது, நானும் சேர்த்துத்தான்.

படத்தில் துடுப்பு இல்லை.

"படகுக்காரிக்கு வாள் குடுத்துட்டானுங்க, செவெக்."

படத்தைப் பார்க்கப் போவதில்லை, வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் கூடாது என்று உத்தரவு. இரண்டாம் பாகத்தில் பாதி எழுதியிருந்தாள். அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். கண்ணை மூடினால் படகுக்காரியாக நடித்த அந்த நடிகை முகம்தான் வருகிறதாம்.

ஜனவரி 29

ஸ்டூடியோவிலிருந்து ஃபோன். அந்தப் படத்துக்கு நான் லெக்டராக வாசிக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது.

இத்தனை வருடமாக வெளிநாட்டுப் படங்களில் ராஜா, ராணி, கொலைகாரன், பச்சைக்குழந்தை எல்லோருடைய வசனத்தையும் எங்கள் மொழியில் நான் ஒருவனே வாசித்திருக்கிறேன். அவர்கள் குரல் அடியில் ஓட, மேலே என் குரல். அழக் கூடாது, சிரிக்கக் கூடாது, நடிக்கவே கூடாது. லெக்டர் இருப்பதே தெரியக் கூடாது என்பதுதான் தொழில். என் மனைவி கதையை இன்னொருவன் அப்படி வாசித்து நான் கேட்பதா? என்னால் முடியாது.

அவளிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 3

சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அவனுங்க கெடுத்ததுக்கு நீ குரல் குடுக்கப் போற."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"உன் குரல்லதான் நான் அத எழுதினேன். அந்தப் படகுக்காரி என் தலைக்குள்ள உன் குரல்லதான் பேசுவா. இத்தன நாள் உன்கிட்ட சொல்லல. சரி, போ. போய் வாசி."

இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. தெரிந்த நாளைப் பார்!

பிப்ரவரி 4

பேசவில்லை. பீட்ரூட் சூப்பில் உப்பு இல்லை. வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 9

என் கனவில் வருகிறவர்கள் எல்லோரும் என் குரலில்தான் பேசுவார்கள். தொழில் வியாதி. நேற்று அந்த ஊருக்குப் போயிருந்தேன். ஏரிக்கு அடியில் டிராம் ஓடியது. சன்னல்களில் மீன்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ஹால்ஷ்கா எனக்கு எதிர் இருக்கையில் இருந்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள், என் குரல் வரவில்லை. அவள் குரலும் வரவில்லை. எந்த நிறுத்தத்திலும் நாங்கள் இறங்கவில்லை.

எழுந்தபோது வெளியே பனிமூட்டம். விஸ்துலா நதி இருந்த இடமே தெரியவில்லை. வெகுநேரம் விழித்தது போலவே இல்லை.

பிப்ரவரி 12

வாசிக்க வேண்டிய பிரதி வந்தது. அவள் எங்கள் மொழியில் எழுதினாள். அவர்கள் ஆங்கிலமாக்கினார்கள். இப்போது அதைத் திரும்ப எங்கள் மொழியாக்கி என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அவள் எழுதியது: 'ஏரிக்குத் தூக்கம் வந்தால் நாம்தான் கரையாக இருக்க வேண்டும்.'

எனக்கு வந்தது: 'நீர்நிலை ஓய்வெடுக்கையில் அதன் எல்லையை நாம் காக்க வேண்டும்.'

நகராட்சி அறிவிப்பா இது? மொழிபெயர்த்த பெண் இகாவுக்கு ஃபோன் போட்டேன். திட்டத்தான் போட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

"பதினாலு வயசுல அந்தப் புத்தகத்த தலகாணிக்கு அடியில வெச்சு தூங்கினவ சார் நான். என்னால அந்த வரிய எழுத முடியாதா? நடிகை வாய் மூடறதுக்குள்ள முடியணுமே. பழைய வரி எதுவும் உக்கார மாட்டேங்குது."

அதுவும் உண்மைதான். படத்தில் எல்லோரும் அவசரத்தில் பேசுகிறார்கள். ஹால்ஷ்காவின் புத்தகத்தில் யாருக்கும் அவசரமில்லை.

பிப்ரவரி 16

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன். அங்கே எதிரொலி இருக்கிறது, குரல் தெளிவாகக் கேட்கும். ஃபோனில் படம், மடியில் ஹால்ஷ்காவின் நாவல். ஏரி வரியைப் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நடிகை எப்போதும் முந்திக்கொண்டாள்.

கதவுக்கு வெளியிலிருந்து குரல்:

"'நாம்தான்' வேண்டாம். 'ஏரி தூங்கினால் நாம் கரை.' இப்போ சொல்லு."

சொன்னேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடுவாள் என்று பயம்.

"அடுத்தது" என்றாள்.

பிப்ரவரி 18

நேற்றும் இன்றும் இதே வேலை. நான் தொட்டியின் விளிம்பில், அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு. படத்தை அவள் பார்ப்பதில்லை. நான் சொல்கிறேன், அவள் தன் வரிகளைத் தானே வெட்டுகிறாள். ஈவிரக்கமே இல்லை. எனக்குத்தான் வலிக்கிறது.

"இப்போ என்ன பண்றா?"

"வாள உருவறா."

"வாய்?"

"கத்தறா. 'உன் ஆட்சி முடிந்தது, நீரரசனே.'"

"எவன் அந்த நீரரசன்?"

"எனக்கென்ன தெரியும்? உன் கதையில இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"அவ கத்தற நேரம் எத்தன மூச்சு?"

"ஒண்ணுதான்."

"'தூங்குங்கள். நான் விழித்திருக்கிறேன்.' சரியா இருக்குமா?"

வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். வாளைச் சுழற்றிக்கொண்டு அந்தப் பெண் கத்துவாள், மேலே என் குரல் தாலாட்டு பாடும். சிரித்து முடித்தபோது கண் ஈரமாக இருந்தது.

பிப்ரவரி 22

எல்லாவற்றையும் இகாவுக்கு அனுப்பினேன். பிரதியில் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. வெளிநாட்டு நிறுவனம் கேட்டால் அவள் வேலை போகும், என் வேலையும் போகும் என்று சொன்னேன்.

"அவங்களுக்கு நம்ம மொழி தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? நான் போட்டுடறேன். ஆனா படத்தோட கடைசியில என் பேர் வேண்டாம்."

பிப்ரவரி 27, கொழுத்த வியாழன்

தவக்காலம் வருவதற்குள் இனிப்பைத் தின்று தீர்க்கும் நாள், ஊரே ஜாம் பன்னுக்கு வரிசையில் நிற்கிறது. ஒலிப்பதிவாளன் ராடெக் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து என் மூக்குக்கு முன்னால் வைத்திருந்தான். வாசித்து முடிக்கும்வரை எனக்கு வெந்நீர்தான்.

வாள் சண்டை வந்தது. வாசித்தேன். ராடெக் தன் காதொலிப்பானைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

"சார், இங்க அவ கத்தறா."

"தெரியுது."

"நீங்க தூங்கச் சொல்றீங்க."

"பிரதியில அப்படித்தான் இருக்கு. பாரு."

பார்த்தான். அரை பன்னை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தான். "நல்லாத்தான் இருக்கு" என்று அடுத்த காட்சியை ஓடவிட்டான்.

படம் முடிந்ததும் லெக்டர் இரண்டு பெயர் சொல்ல வேண்டும். மொழிபெயர்த்தவர் பெயர், பிறகு வாசித்தவர் பெயர். சொன்னேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் என் குரல் லெக்டர் குரலாக இல்லை. மறுபடி எடுக்கலாமா என்றேன். வேண்டாம் என்றான் ராடெக்.

மார்ச் 22

இன்று மாலை தொலைக்காட்சியில் வந்தது.

பார்க்க மாட்டேன் என்றவள் தேநீர்க் குவளையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர்கள் ஓடும்போதே கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிவரை திறக்கவில்லை. வாள்கள் மோதின, ஏரி கொதித்தது, நீரரசன் செத்தான். அவள் அசையவே இல்லை. தேநீர் ஆறிப்போயிற்று. முகத்தில் திரையின் வெளிச்சம் நீலமாக ஏறி இறங்கியது. தூங்கிவிட்டாளோ என்று குனிந்து பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

முடிந்தது. என் குரல் சொன்னது: "மொழிபெயர்ப்பு ஹால்ஷ்கா ஷிமோர். வாசித்தது செவெரின் ஷிமோர்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நாப்பது வருஷம் எழுதி, கடைசியில என் புத்தகத்துக்கே நான் மொழிபெயர்ப்பாளர்."

"கோவமா?"

"அந்த நடிகை முகம் வரவே இல்ல, செவெக். துடுப்பு வந்துச்சு. தண்ணி சொட்டற துடுப்பு."

அழுதாள். நானும்தான்.

மார்ச் 23

அலமாரி திறந்திருக்கிறது. இரண்டாம் பாகம் சமையலறை மேசையில். அவள் தங்கையோடு ஃபோனில் பேசுவது இங்கே கேட்கிறது.

"எங்க படம் மத்தியானம் மறுபடி போடறாங்க. பாக்காத. கண்ண மூடிட்டு கேளு."