பகலில் தூங்கும் வாத்துகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். ஓசூர்ப் பனியில் உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம். நேற்று விஜயநாராயணம் குளத்தில் பறவைகளைக் கணக்கெடுக்கப் போனபோது வரப்பில் வழுக்கி விழுந்தேன். அடி இல்லை. வயல்காரர் குமரகுருபரன் அண்ணாச்சிதான் தூக்கிவிட்டார்.

"பைய வாரும் வே! ராவெல்லாம் என் நெல்லத் தின்னுட்டு இந்த வாத்துக பகல்ல எங்கன தூங்குது?"

"குளத்து நடுவில்."

"உம்ம வீட்டுல யாரு இருக்கா?"

"அப்பா மட்டும்."

"தனியாவா? ராத்திரி நல்லாத் தூங்குதாரா?"

எனக்குத் தெரியவில்லை. அம்மா போன பிறகு நீங்கள் கூடத்தில் படுக்கிறீர்களா, உள்ளறையிலா என்றுகூட நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் கம்பளியை அனுப்பிவையுங்கள். வேண்டாம், நீங்களே போர்த்திக்கொள்ளுங்கள். எங்கே படுக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். இன்றையக் கணக்கெடுப்புக்குப் போக ஜீப் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
தினகரன்