வழுக்க வேண்டிய டயர்

மெக்கானிக்கம்மா,

சாப்பாடு மேஜையில் மூடி இருக்கிறது. உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் கடைக்காரர் மதியத்துக்குள் கொண்டு வருவார். மாட்டிவிட்டால் சாயங்காலப் போட்டிக்கு உன் ரிமோட் கார் தயார்.

பிளாஸ்டிக் டயர்களை மறுபடி மாட்டிவிட்டேன். தேய்ந்துபோய் வழுக்குகிறதே என்றுதான் நேற்று நானாக ரப்பர் டயர் மாட்டினேன். முதல் வளைவிலேயே கார் குட்டிக்கரணம் அடித்து அந்தப் பாகம் உடைந்தது. நீ கத்துவாய் என்று நினைத்தேன்.

"அட மனுஷா, இது வழுக்குறதுக்குன்னே வாங்குன டயரு! வளைவுல சறுக்கிக்கிட்டே ஓடுற டிரிஃப்ட் காருய்யா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாய். நான் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன்.

ஒரு பக்கம்கூடப் படிக்க ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் வாய் திறக்காத எத்தனையோ மாலைகளில் நீ என் நாற்காலியைச் சுற்றியே காரை வளைத்து ஓட்டினாய். வீட்டில் வேறு இடமில்லை என்று நினைத்திருந்தேன். மொட்டைமாடி முழுக்கக் காலியாகத்தானே கிடக்கிறது. என்னைத் தனியாக விடாமல் இருந்திருக்கிறாய். நன்றி.

பி.கு.: வேறு எந்தத் திருகையும் தொடவில்லை, சத்தியமாக.

இன்னொன்று: அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டேன். போட்டித் தடத்தின் ஓரத்தில் நின்று உன் பேரைச் சொல்லிக் கத்துவேன். கூச்சப்படாதே, எனக்கே போதுமான அளவு கூச்சம் இருக்கிறது.