கேரம் போர்டு வாங்கிக்கொள்ளச் சொன்னவனுக்கு

திருத்தணி
27 நவம்பர்

தம்பி சூர்யபிரகாஷுக்கு,

தணிகைச்செல்வி எழுதிக்கொள்வது. இங்கே யாரும் சுகமில்லை. நீ சுகமாக இருப்பதை ஊரில் எல்லார் போனிலும் பார்த்தாயிற்று, அதனால் விசாரிக்கவில்லை.

இந்தக் காலத்தில் அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உன் பெங்களூர் வீட்டில் சிரிப்பாய். சிரி. ஒரு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் இரண்டு நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. ஸ்பீட் போஸ்டில் போனால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்?

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு வருகிறது. உன் பாவா, என் வீட்டுக்காரர், நாற்பத்து மூன்று குடும்பங்களை ஏமாற்றியவர் என்று உன் கம்பெனி அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்படி இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். நீதான்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுதுகிறேன். நீ மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் இல்லையா, அதற்கு இடம் கொடுக்க மாட்டேன்.

உன் கம்பெனியின் ஓர்வா கேம் பெட்டியை இந்தப் பக்கத்தில் கொண்டுவந்து விற்றது யார்? அரக்கோணம் ரோட்டில் மொபைல் ரிப்பேர் பார்த்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்த மனுஷன். மச்சான் வேலை பார்க்கிற கம்பெனி என்று ஒரே காரணத்துக்காக, டி.வி.யில் மாட்டி விளையாடுகிற அந்தக் கறுப்புப் பெட்டியைக் கடை முகப்பில் வைத்தார். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவர்கள் வாங்கினார்கள். ஆர்.கே.பேட்டையில் வாங்கினார்கள். பக்கத்துக் கடை மெக்கானிக் உசேன் பாய் தன் பெண் ஷபீனாவுக்கு வாங்கினார். ஒரு வீட்டில் விளையாடி முடித்த டிஸ்க் டவுன் பஸ் கண்டக்டர் கையில் அடுத்த ஊருக்குப் போகும், வேறொன்று திரும்பி வரும். யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அது உன் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. டிஸ்க் கை மாறக் கூடாதாம். பெட்டி தினமும் நெட் வழியாகக் கம்பெனிக்கு ஒரு தடவை ஆஜர் கொடுக்க வேண்டுமாம், பெயிலில் வந்தவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. ஆயுத பூஜை வாரத்துக்குள் புது அப்டேட் போடாத பெட்டி அப்படியே நின்றுவிடும் என்று வேறு மிரட்டல். காசு கொடுத்து வாங்கிய சாமானுக்கு இத்தனை கெடுபிடியா? அன்றைக்கே நான் உன் பாவாவிடம் சொன்னேன், இவன்களுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று. அவர்தான், சூர்யா இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்றார்.

உன்னிடம்தான் கேட்டார். தறி வீடுகளில் நெட் சரியில்லை, ஆளுக்கு ஓர் ஐ.டி. போட அவர்களுக்குத் தெரியாது, என்ன செய்வது என்று கேட்டார். நீ குரல் செய்தி அனுப்பினாய். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "பாவா, இதுக்கு இன்னாத்துக்கு ரோசன பண்ணிகினு கீற? பூஜைக்கு எல்லாரும் பொட்டிய கடைக்குக் கொண்டாருவாங்கல்ல, உன் ஐடியிலயே மொத்தமா அப்டேட் போட்டு உட்டுடு. ஒண்ணும் ஆவாது, நான் கீறேன்ல" என்றாய். பெங்களூரில் ஆபீசில் இங்கிலீஷ் பேசுகிறவன் பாவாவிடம் மட்டும் ஊர்ப் பேச்சு பேசுகிறான் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடச்சீ என்று இருக்கிறது இப்போது.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். தறியோ, மிக்சியோ, ஸ்கூட்டரோ, வீட்டில் ஓடுகிற எதுவும் பூஜைக்குத் தப்பாது. நாற்பத்து மூன்று வீட்டிலிருந்து பெட்டிகள் வந்தன. உசேன் பாயும் கொண்டுவந்து வைத்தார், எங்களுக்குப் பொட்டு வேணாம், அப்டேட் மட்டும் போட்டுக் குடு கஜா என்று உன் பாவாவிடம் சொல்லிவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போனார். மற்ற பெட்டிகளுக்கெல்லாம் நானே சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பதால் எல்லாப் பெட்டியும் கடையிலேயே இருந்தது. நீ சொன்னபடியே உன் பாவா தன் ஐ.டி.யில் எல்லாவற்றுக்கும் அப்டேட் போட்டார்.

விஜயதசமி காலையில் ஒவ்வொன்றாக டி.வி.யில் மாட்டிப் பார்த்தோம். 'இந்தப் பெட்டியின் உரிமையாளர் நீங்கள் அல்ல' என்று எழுதிக்கொண்டு நின்றது. ஒன்று இல்லை, இரண்டு இல்லை, நாற்பத்து மூன்றும்! ஒரே ஆள் பெயரில் இத்தனை பெட்டி இருந்தால் திருட்டுத்தனமாக வியாபாரம் நடத்துகிறான் என்று உங்கள் சர்வரே முடிவு கட்டிப் பூட்டிவிடுமாம். திறக்கவே முடியாதாம். இது உனக்குத் தெரியாதா? அந்தக் கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்கு என்றே நியமித்த அதிகாரி நீ. தெரியாமல் சொன்னாய் என்றால் நீ உதவாக்கரை. தெரிந்து சொன்னாய் என்றால் நீ யார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுப் போடுகிறார்கள். பாட்டு முடிந்தால் இந்தியில் ஒருத்தி, விதிமுறை எண் இத்தனை என்கிறாள். அந்த வாரத்தில்தான் நீ புதுப் பெட்டி அறிமுக விழாவில் மேடை ஏறினாய். கோட்டுப் போட்டுக்கொண்டு, காதில் மைக் மாட்டிக்கொண்டு. வீட்டில் நெட் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரோ எழுந்து கேட்டதற்கு, அவர்களுக்கு ஓர்வா எதற்கு, விற்றுவிட்டு கேரம் போர்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றாய். எதிரில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நீயும் சிரித்தாய். எந்த ஊரில் எந்த வீட்டில் பிறந்தவன்டா நீ? நம்மைப் பெற்ற நைனா இருந்திருந்தால் தறிக்கட்டையை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கே வந்திருப்பார்.

அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியது, அதற்கப்புறம் நடந்ததைத்தான் நாடே பார்த்தது. ஊர் ஊராகப் பெட்டி மேல் கேரம் போர்டை வைத்துப் படம் எடுத்துப் போட்டான்கள். புதுப் பெட்டிக்கு முன்பதிவு செய்தவன் எல்லாம் ரத்து செய்தான். இங்கே உசேன் பாய், பூட்டிக் கிடந்த எங்கள் கடை ஷட்டரில் ஒரு பழைய கேரம் போர்டைக் கட்டித் தொங்கவிட்டு, 'ஓர்வா சர்வீஸ் சென்டர்' என்று சாக்பீஸால் எழுதினார். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. உன் முதலாளிகள் பயந்துபோய், உங்கள் குரலைக் கேட்கிறோம், தினசரி ஆஜரை எடுத்துவிடுகிறோம் என்று அறிக்கை விட்டார்கள். சனங்கள் ஜெயித்தார்கள் என்று பேப்பரில்கூட வந்தது.

திருத்தணிக்கு மட்டும் ஜெயம் இல்லை. அந்த நாற்பத்து மூன்று பெட்டியைப் பூட்டியது தப்பு என்று ஒப்புக்கொண்டால் மானம் போய்விடும், அதனால் பழி போட ஓர் ஆள் வேண்டும். பெட்டி வாங்கிய பொதட்டூர்பேட்டை அருள்முருகன் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போட்ட வழக்குக்கு உன் கம்பெனி பதில் எழுதியது. கஜபதி என்கிற கடைக்காரர் யாரும் சொல்லாமல், சொந்த லாபத்துக்காக, எல்லாப் பெட்டியையும் தன் பெயரில் பதிந்துகொண்டார் என்று. உள்ளூர்ச் சடங்கு ஒன்றில் பெட்டிகளின் மேல் அடையாளம் தெரியாத சிவப்புப் பொடி பூசப்பட்டுள்ளது என்று போட்டோ வேறு. என் குங்குமம்டா அது. அந்தப் பதிலைப் படித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவர்கள் வரிசையில் மூன்றாவது பெயர் உன்னுடையது.

அதைப் படித்ததும் அருள்முருகன் தரப்பில் உன் பாவாவையும் எதிரியாகச் சேர்த்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தவர்கள். அருள்முருகன் கடை வாசலில் நின்றுகொண்டு, "நம்பிதானே குட்தோம், எங்க தலைல மண்ணப் போட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா" என்று பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் கேட்கும்படி கத்தினார். யார் போடச் சொன்னது என்று உன் பாவாவைக் கேட்டார்கள், உன் பெயரைச் சொல்லவில்லை. உசேன் பாய் மட்டும் எதிரியாகச் சேர்க்கிற மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். கிருத்திகைக்கு மலையில் அன்னதானம் பரிமாற மாதா மாதம் கூப்பிடுகிறவர்கள் இந்த மாதம் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்று அவர் என்னிடம் சொல்லவும் இல்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மத்தியானம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அன்றைக்கே வந்தது ஆத்திரம். வக்கீலிடம் போய், சொன்னது யார் என்று எங்களிடம் குரல் இருக்கிறது ஐயா, என் கூடப்பிறந்தவன்தான், போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் வேலை போகும் என்று தெரியும். போகட்டும் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை.

போன புதன்கிழமை அவர் போனைத் திறந்து பார்த்தேன். உன்னோடு பேசிய பக்கம் துடைத்து வைத்த மாதிரி கிடக்கிறது. ஒரு வரி இல்லை, ஒரு குரல் இல்லை.

கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார், நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது நீ கூப்பிட்டாய், அழுதாய் என்று. என் போனை எடுக்க நேரமில்லை, அவரிடம் அழ நேரம் இருந்திருக்கிறது! "இப்பதான் கொழந்த பொறந்துகீது, இந்த நேரத்துல வேல பூட்டா அவன் இன்னா பண்ணுவான்? எனக்கு இன்னா செல்வி, நான் எப்டியாச்சும் பொழச்சிக்குவேன்" என்றார். நீ கேட்டாய், அவர் அழித்துவிட்டார். அவ்வளவுதான். என் கையால் அவரை அடிக்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. வாய்க்கு வந்தபடி எல்லாம் பேசினேன். உன்னைப் பேச வேண்டியதை எல்லாம் அவரைப் பேசினேன்.

உனக்குக் கொஞ்சமாவது நெஞ்சு கூசவில்லையா? அவர் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டுதான் நீ முதல் இன்டர்வியூவுக்குப் போனாய். அந்த மனுஷனிடம், நீ திருடன் என்று பெயர் வாங்கிக்கொள், நான் நல்லவனாக இருந்துகொள்கிறேன் என்று கேட்க எப்படி வாய் வந்தது?

வக்கீலிடம் போய்ச் சொன்னேன். குரல் இல்லை என்றால் சொன்னவரே வந்து சொன்னால்தான் உண்டு, இல்லையென்றால் கம்பெனி எழுதியதுதான் நிற்கும் என்றார். உன் போனில் அது இன்னும் இருக்கிறதா, நீயும் அழித்துவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாய் உன்னிடம்தான் இருக்கிறது. மேடையில் அவ்வளவு நன்றாகப் பேசுகிற வாய். பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அதைத் திருவள்ளூருக்குக் கொண்டுவா. நான்தான் போடச் சொன்னேன், பாவா நான் சொன்னதைத்தான் செய்தார் என்று இரண்டே வரி சொல். கோட்டு எல்லாம் வேண்டாம்.

வீட்டுக்கு முதலில் வராதே. வந்தால் அவர் உனக்குச் சோறு போட்டு, பேசாமல் ஊருக்குப் போப்பா என்று பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். நேராகக் கோர்ட்டுக்குப் போ.

எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் பாவா வந்து யாருக்கு என்று கேட்டார். கரண்ட் ஆபீசுக்கு மனு என்றேன். நம்பவில்லை. சூர்யாவுக்கு என்றால் குழந்தைக்குச் சளி விட்டதா என்று ஒரு வரி கேள் என்றார். கேட்டுவிட்டேன். பதிலை என்னிடம் சொல்லாதே. கோர்ட்டுக்கு வந்து அவரிடம் சொல்.

குழந்தை நன்றாக இருக்கட்டும். தணிகை முருகன் அதற்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். உனக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று நான் இன்னும் வேண்டிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
கஜபதியின் மனைவி
தணிகைச்செல்வி

அக்கா என்று போடப் பேனா ஓடவில்லை. வெள்ளிக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். வாடா.