கழற்ற முடியாதபடி ஒட்டியது

சாமி,

போன வெள்ளிக்கிழமை உங்கள் மகள் வந்து ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். உங்கள் பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருந்தது. பிரிக்கும் முன்பே, கனத்தை வைத்து உள்ளே இருப்பது இன்னது என்று தெரிந்துவிட்டது. அலுமினியம் வாழைப்பழம் போலக் கையில் உட்காரும்; பித்தளை மாதிரி இழுக்காது. துண்டை விலக்கினால் அதே கூலர், உங்கள் கம்ப்யூட்டரின் சூட்டை இறக்க நாம் தேடி வாங்கியது. மேலே ஃபேன், நடுவே தகடு தகடாக மடிப்பு, அடியில் நான் ஒட்டிய ப்ராசஸர் என்கிற கம்ப்யூட்டர் மூளை, அதன் வயிற்றில் முள் முள்ளாகக் கம்பிகள். மூக்கருகே வைத்துப் பார்த்தேன். தூசி வாசனைக்கு அடியில் கொஞ்சம் திருநீறு வாசனை இருப்பது போல இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு இருக்காது. எனக்கே என் மூக்கின் மேல் சந்தேகம்தான்.

எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா எழுதுகிறார். பேசுகிறபடியே எழுதினால் நன்றாக இருக்காது என்று அவராகத் திருத்துகிறார். அதனால் பத்திக்கு ஒருமுறை திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். "இன்னும் என்மேல நம்பிக்கை வரலியா, பெரியவரே?" என்கிறார். வரவில்லை.

உங்கள் மகள் அன்று சொன்ன ஒரு சேதியை உங்களிடம் சேர்க்கத்தான் இந்த மடல். அதற்கு முன் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் உயிரோடு இருந்தவரை, நடந்ததைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒருமுறைகூட மனம் விட்டுப் பேசவில்லையே.

மேற்கு மாம்பலத்தில் என் ரேடியேட்டர் பட்டறைக்கு உங்கள் பழைய காரை ஓட்டிக்கொண்டு வருவீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை அது கொதிக்கும். நான் ஈயம் வைத்து அடைப்பேன். மற்றவர்கள் சாவியைத் தந்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பீர்கள். அப்படித்தான் சிநேகம். ஒருநாள் வந்து, "மேஸ்திரி, எங்காத்துல கம்ப்யூட்டர் வந்திருக்கு. அதுவும் கொதிக்கறது. வந்து பாருங்கோ," என்றீர்கள். தொண்ணூறுகளின் பின்பாதி. மயிலாப்பூரில் உங்கள் தெருவிலேயே வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தது நீங்கள் ஒருவர்தான்.

"எனக்கு இன்னா தெரியும் சாமி, அதப் பத்தி?" என்றேன்.

"காருக்குத் தண்ணி, இதுக்குக் காத்து. மத்தபடி சூடு சூடுதானே?"

சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

உங்களுக்கு அதில் செஸ் ஆட வேண்டும். கஷ்டமான ஆட்டத்தில் போட்டால் அது யோசித்துக்கொண்டே இருக்கும். "நான் ஒரு காய் நகர்த்தினா, அது பதில் நகர்த்தறதுக்குள்ள ஸ்நானம் பண்ணிட்டு வந்துடறேன்," என்றீர்கள். உள்ளே ஜம்பர் என்று சின்னக் கறுப்புத் தொப்பி இருக்கிறது, அதை இடம் மாற்றினால் வேகம் கூடும், கூடினால் சூடும் கூடும், அதற்குப் பெரிய கூலர் வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தீர்கள். ஒருமுறை மாற்றியும் பார்த்தீர்களாம். இரண்டு நிமிடத்தில் திரை அப்படியே உறைந்துவிட்டதாம்.

"இப்ப எந்த ஓட்டத்துல ஓடுது?" என்றேன்.

"கம்பெனி போட்ட வேகம்தான். நூத்தி அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ்."

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே ஃபேனுக்கு அடியில் விரலின் பின்பக்கத்தால் தொட்டேன். உள்பக்கத்தால் தொட்டால் சுட்டதும் விரல் மடங்கிப் பொருளைப் பிடித்துக்கொள்ளும்; பட்டறையில் முதல் நாள் கற்றுக்கொள்வது அது. ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றில் எடுத்துவிட்டேன்.

"சாமி, நின்னுக்கினு கீற வண்டியே கொதிக்குதுன்னா ரேடியேட்டர் மேல தப்பு இல்ல. எஞ்சின்ல ஏதோ பொய் கீது."

நீங்கள் சிரித்தீர்கள். "உங்களுக்கு எதிலேதான் சந்தேகம் இல்லை? ஃபேன் சின்னது, அவ்வளவுதான்."

அண்ணா சாலைக்குப் பின்னால் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவுக்கு மறுநாள் போனோம். கடைக்கார பாய் ஏழெட்டுக் கூலரைக் கண்ணாடி மேஜைமேல் பரப்பினார். உங்கள் கை நேராகத் தங்க நிறத்தில் ஒன்றின் மேல் போனது. அழகாகத்தான் இருந்தது.

"வேணாம் சாமி. பூசின சாமானுன்னா உள்ள எத்தையோ மறைக்கிறான்," என்றேன்.

"மேஸ்திரி, மெல்லப் பேசுங்கோ. தெருவே திரும்பிப் பாக்கறது."

நாற்பது வருடம் சுத்தியல் சத்தத்தில் நின்றவன். நான் மெல்லப் பேசுகிறேன் என்று எனக்குள் ஒரு கணக்கு. ஊருக்கு வேறு கணக்கு.

ஒவ்வொரு ஃபேனையும் ஊதிச் சுழற்றிக் காதில் வைத்துக் கேட்டேன். இரண்டு கரகரத்தன. ஒன்றில் மடிப்புகள் நெருக்கம், சீப்பில் அழுக்கு ஏறுவதுபோல் ஆறு மாதத்தில் தூசி அடைத்துக்கொள்ளும். ஒன்றில் அடித்தகடு அப்பளம் மாதிரி. மிஞ்சியது இரண்டு. அடிப்பக்கம் சமமாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். சமமில்லை என்றால் நடுவில் காற்று நிற்கும், சூடு தாண்டாது.

"சாமி, பாக்கெட்ல திருநீறு கீதா?"

கபாலி கோயில் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். கண்ணாடிமேல் தண்ணீர் தொட்டுத் திருநீற்றை மெல்லிசாகப் பூசி, கூலரை வைத்து அழுத்தி எடுத்தேன். முதலாவதற்கு நான்கு ஓரத்தில் மட்டும் வெள்ளை ஒட்டியது. நடுவில் பள்ளம்.

"பெரியவரே, நம்ம கடைல கூலருக்குப் பட்டை போட்டது நீங்கதான் மொத ஆளு," என்றார் பாய்.

"உன் சாமான் நேரா இருந்தா நான் ஏன் நைனா போடப்போறேன்?"

இரண்டாவதில் அடி முழுக்க ஒரே வெள்ளை. பூச்சு கிடையாது, அகலமான மடிப்பு, கனமான அடித்தகடு. நல்லதை நான் எடுத்ததும் பாய் முகம் சுளிக்கவில்லை. அதனால் அவர்மேல் இருந்த சந்தேகத்தை மட்டும் அங்கேயே இறக்கி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய ஃபேனை நெம்பி எடுத்தீர்கள். அடியில் ப்ராசஸர், உள்ளங்கையில் பாதி இருக்கும், சதுரமான பீங்கான் வில்லை. பழைய பசையைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். படித்தவர்கள் கண் எழுத்திலேயே நின்றுவிடும். எனக்கு அந்தத் தடை கிடையாது. ஈயம் வைக்கும் முன் நாங்கள் பித்தளையை உப்புத்தாளால் தேய்ப்போம். ஒரே பக்கமாக மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகள் அங்கே இருந்தன.

"சாமி, இத்த யாரோ தேய்ச்சிக்கீறாங்க."

"தேய்ச்சா எழுத்து எப்படி இருக்கும்? நூத்தி அறுபத்தாறுன்னு பளிச்சுனு போட்டிருக்கே."

"நீங்க எழுத்தப் பாக்குறீங்க. நான் எழுத்துக்கு அடியில பாக்குறேன். கோடு மொதல்ல விழுந்துக்கீது. எழுத்து அப்பால வந்துக்கீது."

உங்களுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. மெதுவாக ஓட வேண்டியதன் எண்ணைத் தேய்த்து அழித்து, வேகமானதன் எண்ணைப் போட்டு விற்றிருக்கிறார்கள். நீங்கள் கூட்டும் முன்பே யாரோ கூட்டிவிட்டார்கள். அதனால்தான் நின்ற இடத்தில் கொதித்தது.

"எவன் கடை சாமி? வாங்க, இப்பவே போயி சட்டையப் புடிக்கலாம்!"

நீங்கள் வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, உதடு மட்டும் அசைய, "கடை இல்லை மேஸ்திரி. மாப்பிள்ளை," என்றீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை தி.நகரில் ஒரு மாடி அறையில் பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டராகப் பூட்டி விற்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கே இப்படி என்றால் மற்றவர்களுக்கு? நான் வாயைத் திறந்தேன். உங்கள் மகள் இரண்டு டம்ளர் காபியோடு உள்ளே வந்தாள். ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"என்னப்பா, சரியாச்சா?" என்றாள்.

"அதான் பாரும்மா, ஃபேன்தான் உதவாக்கரை. மேஸ்திரி கண்டுபிடிச்சுட்டார்."

உங்கள் குரல் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லும் என்று நான் நினைத்ததில்லை. அன்றிலிருந்து உங்கள்மேலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, சாமி, மறைக்கவில்லை.

அவள் போன பிறகு, "அந்த எழுத்து யார் கண்ணுலயும் படப்படாது. இந்தக் கூலரை இனிமே யாராலும் கழட்ட முடியாதபடி ஒட்ட முடியுமா?" என்று கேட்டீர்கள். முடியும் என்றேன். இரண்டு ட்யூபில் வரும் பசையில் அலுமினியத் தூள் கலந்தால் சூடும் கடக்கும், பிடியும் விடாது. ஒட்டி, செங்கல் பாரம் வைத்து, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நீங்கள் அந்தக் கறுப்புத் தொப்பியை நகர்த்தினீர்கள், கூட்டுவதற்கு அல்ல, குறைப்பதற்கு. வேகத்தைக் கூட்ட ஊரிலேயே நல்ல கூலரைத் தேடி வாங்கி வந்து, வேகத்தைக் குறைத்து வைத்தவர்கள் நாம்தான். கை வைத்துப் பார்த்தேன். கோயில் தூண் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தபோது நானும் இருந்தேன். வேண்டுமென்றேதான் வந்தேன். "உங்க கம்ப்யூட்டர் பறக்கறது, மாப்பிள்ளை!" என்றீர்கள். அவர் திரையைப் பார்க்கவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி, குனிந்து கூலரைப் பிடித்து அசைத்தார். "இது கழட்ட வராதா?" என்று என்னைக் கேட்டார். "வராது தம்பி," என்றேன். அவர் தெரிந்தேதான் விற்றிருக்கிறார் என்று நினைக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது. வாசல் வரை வந்த நீங்கள், "அவரும் யார்கிட்டயோ ஏமாந்திருக்கலாம்," என்றீர்கள். நான் செருப்பை மாட்டினேன். "சந்தேகத்தைக் கையில வச்சுக்கோங்கோ, மேஸ்திரி. வாயில வேண்டாம்." அதுதான் நீங்கள் என்னிடம் அந்த ஏமாற்றைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு.

குழந்தை பிறந்த மாதத்தில் மாப்பிள்ளை அந்தத் தொழிலை விட்டுவிட்டு அடையாறில் ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். காரை விட்டுவிட்டுப் பட்டறை வாசலில் நின்று, "கேட்டேளா, அவராவே வேலைக்குப் போயிட்டார்," என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஒரு வார்த்தை கண்டிக்காமல் ஒரு மனிதரைத் திருத்திவிட்ட நிறைவு. மனிதன் தானாகத் திருந்தி நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஈயத்தைக் காய்ச்சிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். துண்டைப் பிரித்ததும் நகத்தால் ஓரத்தைத் தடவினேன். கூலரும் பீங்கானும் சேரும் இடத்தில் இரண்டு கீறல். யாரோ தட்டையான எதையோ விட்டு நெம்பியிருக்கிறார்கள். கீறலுக்குள்ளும் அழுக்கு ஏறியிருந்தது; பழைய கீறல்.

"யாரோ நெம்பிப் பாத்துக்கீறாங்க பாப்பா. உன் வூட்டுக்காரரா?" என்றேன்.

அவள் சிரித்தாள். "நான்தான் மாமா. தோசைத் திருப்பியால."

கூலரைத் திருப்பிக் கீறலை மறுபடி பார்த்தேன்.

"அன்னிக்குக் காபி கொண்டு வரச்சே கேட்டுண்டேதான் வந்தேன். நீங்க ரகசியம் பேசினா லஸ் கார்னர் வரைக்கும் கேக்குமே! கண்ணால பாக்கணும்னு ராத்திரி நெம்பினேன். அசையவே இல்லை. அதனால அவர்கிட்டயே கேட்டேன். தெரிஞ்சேதான் வித்தேன்னு ஒத்துண்டார். இந்தத் தொழில் இருந்தா நான் திரும்பி வரமாட்டேன், குழந்தையும் வராதுன்னு சொன்னேன். அப்புறம்தான் வேலைக்குப் போனார்."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டு அவர் எவ்வளவு சந்தோஷமா இருந்தார்!"

இதுதான் சாமி, நான் உங்களிடம் சேர்க்க வேண்டிய சேதி. மாப்பிள்ளையைத் திருத்தியது உங்கள் பெருந்தன்மை இல்லை. அடுப்பங்கரையில் நின்ற உங்கள் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி மகள். கடைக்கார பாய், மாப்பிள்ளை, நீங்கள், இப்போது இந்த ஜெராக்ஸ் கடை அம்மா வரை எல்லாரையும் சந்தேகப்பட்டேன். காபி கொண்டு வந்தவளைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ரகசியத்தைப் போட்டு உடைத்ததும் வேறு யாருமில்லை, என் தொண்டைதான். மன்னித்துக்கொள்ளுங்கள். உடைந்ததும் நல்லதற்குத்தான் என்று அவள் சொல்கிறாள். அதை நம்பலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூலர் இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஃபேனை ஒருமுறை ஊதிச் சுழற்றுகிறேன். இன்னும் கரகரப்பு இல்லை. அதன்பின் அடியில் விரலை விட்டு நெம்பிப் பார்க்கிறேன். செங்கல் வைத்து நாம் காத்திருந்த பசை, சாமி. அது விடாது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.