பெரியம்மா அடைத்த ஓட்டை

கூசிக்கு கிராமம், நவம்பர் 9

அன்பு மகள் லீலோவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் அந்த ஆஸ்திரேலிய வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டுதான் மாம்பழம் பறிக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே ஏரி ஓரமெல்லாம் உறைய ஆரம்பித்துவிட்டது, ஒரு நாளைக்கு ஆறு வீட்டுப் புகைபோக்கியாவது சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. எந்த வீட்டுக்கு எப்போது என்று அம்மா எழுதி வைத்த நோட்டு மார்ச்சோடு நிற்கிறது, அதற்குக் கீழே நான் எழுதிக்கொண்டு போகிறேன். அம்மா போனதற்கு அழுதீர்களா என்று கேட்டிருந்தாய். இல்லை, அழுகை ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உர்வே பெரியம்மா உனக்கு போன் செய்தாளாமே, நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அவளுடைய பாட்டுக்குழுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் ஊர்மன்றத்தில் இரண்டு நாள் தங்குகிறார்கள், கணப்பு இருக்கிற கூடத்திலேயே படுக்கை. புகைபோக்கி சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பிரஷ் விட்டேன், ஒரு வாளி கரி வந்தது, அதில் குறையில்லை. அப்புறம் புகைபோக்கியை மூடுகிற அடைப்புத் தகட்டை இழுத்துப் பார்த்தால், மூடினாலும் நச்சுக் காற்று மேலே போகட்டும் என்று போன வருஷம் அதில் நான் போட்டுவிட்டுப் போன கட்டைவிரல் அகல ஓட்டையைக் களிமண் வைத்துப் பூசியிருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் செய்வதுதான், சூடு போய்விடுமே என்று அவசரப்பட்டுத் தகட்டைத் தள்ளுவது. தணல் மேல் நீலச் சுவாலை நிற்கும்போது மூடினால் நச்சுக் காற்று கூடத்துக்குத்தான் திரும்பும், வாசனையும் கிடையாது, தூங்குகிற பிள்ளை எழுந்திருக்காது. தணல் போட்டு, தகட்டை மூடி, நச்சுக் காற்றை அளக்கிற மீட்டரை வைத்தேன். கால் மணியில் கத்திவிட்டது.

பெரியம்மா வந்ததும் புகைபோக்கிக்காரன் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று எல்லாரையும் போல என் கோட்டுப் பொத்தானைத் தொட்டாள், தொட்ட கையோடு சண்டை. "ஏன் தம்பி, பாடுபட்டு வெட்டின விறகு வானத்தைச் சூடு பண்றதுக்கா? ஓட்டைய நாந்தான் அடைச்சேன். முப்பது வருஷமா மூடிக்கிட்டுத்தான் இருக்கோம், யாரு செத்தா?" என்றாள். மீட்டரப் பாருங்க அக்கா என்றேன். "அதுவும் உன்ன மாதிரிதான், சும்மா சும்மா அலறுது" என்றாள். தகடு பதித்திருந்த இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் உடைத்துத் தகட்டையே கழற்றி வேனில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கடையில், "பொண்டாட்டி போன கோவத்த ஊரு மேல காட்டுறான்" என்கிறார்களாம், என் காதுபடவே. பேசட்டும். தகட்டைத் தர மாட்டேன். வேறு ஆளை வைத்துப் புதுசு போடுவாளாம், போடட்டும், அதையும் போய்க் கழற்றுவேன். குளிர்ந்தால் இன்னும் நாலு கட்டை போட்டு எரிக்கட்டும். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு எதைக் கேட்டாலும் பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

நீ இருக்கிற வண்டி வீட்டில் கேஸைப் பற்றவைத்தால் ஜன்னலைத் திறந்து வை, மறக்காதே. நோய்நொடி இல்லாமல் மனசுக்குப் பிடித்தபடி இரு, அம்மாடி. இன்னும் ஒன்று. "அம்மா போனதுலேர்ந்து அப்பா இப்படித்தான், மன்னிச்சுக்குங்க" என்று பெரியம்மாவிடம் சொன்னாயாம். எனக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. அம்மா இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். சுத்தியலை அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள்.

உன் அப்பா,
தார்வோ