பூட்டில்லாத வளையம்

மாமு,

போன வாரம் ஹெட்போனில் அந்தச் சத்தத்தை மறுபடி கேட்டேன். சோற்றில் கல் கடிபட்டதுபோல ஒரு ‘டிக்’. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய ஒலி நிரலில் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல், “எங்கேயோ லாக் போட்டிருக்கீங்க” என்றேன். போட்டிருந்தாள். நீ இருந்திருந்தால் அவளைத் திட்டியிருப்பாய். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நமக்கும் அந்த டிக் வந்தது. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, உன் குரலில் பாதிக்குமேல் காற்றுதான் மிச்சம். மகள் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மை நாள், கோயிலில் பூசை முடிந்து விருந்தில் ஒரு பாட்டாவது நானே பாடணும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். மைக்கில் வரும் குரலைத் தூக்கி, கொஞ்சம் கனம் சேர்த்து, அந்தக் கணமே ஸ்பீக்கருக்குத் தரும் சின்னக் கணினிப் பெட்டி ஒன்றை உன் ராயபுரம் வீட்டில் உட்கார்ந்து செய்தோம். ஒலி யாருக்காகவும் காத்திருக்காது. துளி பிந்தினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

ரெக்கார்டிங்கும் வேண்டும் என்றாள் உன் மனைவி. வினை அங்கேதான். குரலை அனுப்பும் வேலையும், அதை மெமரி கார்டில் எழுதும் வேலையும் ஒரே இடத்தைத் தொட்டன. இரண்டும் மோதாமலிருக்க, ஒன்று தொடும்போது மற்றது காத்திருக்கும்படி நான் லாக், அதாவது பூட்டு, போட்டேன்; படித்தது அப்படி. கார்டு ஆற அமர எழுதும். அதுவரை குரல் வாசலில் நிற்கும். டிக்.

“இன்னாத்துக்கு மாமு அது நிக்குது?” என்றாய். “காசிமேட்டுல போட்ல இருந்து மீன எறக்கறவன், வண்டில ஏத்தறவன் கைய புட்ச்சிகினா நிப்பான்? அவன் எறக்கிகினே இருக்கட்டும், இவன் ஏத்திகினே இருக்கட்டும்.”

நம் தொழிலில் அதற்கு ஏற்கெனவே வழி இருந்தது: பூட்டில்லாத ரிங் பஃபர். வட்டமாக அறைகள், கடைசி அறைக்கு அடுத்தது மறுபடி முதல் அறை. எழுதுகிற இடத்தின் குறியை எழுதுபவன் மட்டும் நகர்த்துவான். படிக்கிற இடத்தின் குறியைப் படிப்பவன் மட்டும். அடுத்தவன் குறியைப் பார்க்கலாம், தொடக்கூடாது. மாற்றி எழுதினோம். டிக் ஒழிந்தது.

ஒரு சண்டை மிச்சமிருந்தது. கார்டு பின்தங்கி அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டால்? கொஞ்சம் காத்திருக்கலாம் என்றேன். நீ மசியவில்லை.

“ரெக்கார்டிங் போனா போவுது மாமு. பாட்டு நிக்கக்கூடாது.”

இடமில்லையென்றால் புதிதாக வருவதைப் பதியாமல் விடு என்ற அந்த வரியை நீயே எழுதினாய்.

விருந்தில் பாடினாய். கூடத்தில் ஒரு டிக் இல்லை. பிரியாணி நேரத்துக்கான பாட்டுகளை உன் மச்சான் அதே கார்டில் ஏற்றிக்கொண்டிருந்ததும், அதில் கார்டு திணறிப் பின்தங்கியதும் பிறகுதான் தெரிந்தது. பதிவைப் போட்டால், இரண்டாம் சரணத்தின் நடுவில் பாட்டு ஒரு எம்பு எம்பி முடிவுக்குப் போனது. உன் மனைவி தம்பியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். நீ சிரித்தாய். “இன்னொரு தபா பாடினா ஆச்சு” என்றாய். அதற்குள் நோய் திரும்பிவிட்டது.

நீ எடுத்த முடிவு சரியானது. இன்றும் நான் அப்படித்தான் எழுதுகிறேன். இருந்தாலும் உன்மேல் கோபம் இருக்கிறது.

இந்த ஈஸ்டருக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் பதிவைப் போட்டு, போனை என் காதருகே வைத்தாள்.

“இங்க எகிறுது பாரு மாமா. இந்த எடத்துல டாடி இன்னா பாடுச்சு?”

“நீ அங்கதானம்மா இருந்த?”

“நான் மேச மேல இருந்த கேக்கையே பாத்துகினு இருந்தேன் மாமா.”

பாட்டின் வரியை விட்டுவிட்டு நீ சொந்தமாகக் கட்டிய இரண்டு வரி அங்கே இருந்தது. எனக்குப் பாட வராது. சொல்லிக் காட்டினேன்:

“வெள்ள கவுனு போட்டுகினு வந்த என் கண்ணு,
பல்லு வுழுந்த சிரிப்பு ஒண்ணு போதும் எனக்கு.”

இன்னொரு முறை கேட்டாள். சொன்னேன். இந்தத் தடவை ‘சிரிப்பு’ என்பது ‘மூஞ்சி’ என்று வந்துவிட்டது. எது நீ பாடியது என்று அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. நான் முதலில் சொன்னதை அவள் போனில் தட்டி வைத்துக்கொண்டாள்.